வயோமிங் வரலாறு: யெல்லோஸ்டோனுக்குக் கொடுக்கும் இடத்தைச் சவுத் பாஸ் கணவாய்க்கு ஏன் கொடுப்பதில்லை?

தடம்தேடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் பெரும்பாலும் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் தொடங்கி, டீட்டன் சிகரங்களைத் தொட்டு, டெவில்ஸ் டவர் பாறையில் முடித்துவிடுகிறார்கள். மூன்றும் காணத்தக்கவை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த மாநிலம் எப்படி உருவானது, யார் அங்கே வந்தார்கள், யாருடைய நிலம் பறிபோனது என்று கேட்டுக்கொண்டே படித்தால், இம்மூன்றும் ஓரமாக ஒதுங்கிவிடுகின்றன. நடுவில் வந்து நிற்பது சவுத் பாஸ் கணவாய். இந்த இழையில் அதைப் பற்றிப் பேசலாம் என்று உங்களை அழைக்கிறேன்.

விண்ட் ரிவர் மலைத்தொடரின் தென்முனையில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 7,400 அடி உயரத்தில், சுமார் 30 கி.மீ. அகலத்துக்குப் பரந்து கிடக்கும் புதர்வெளிதான் சவுத் பாஸ். இருபுறமும் செங்குத்துப் பாறைகள் இல்லை. வளைந்து வளைந்து ஏறும் பாதை இல்லை. சேஜ்பிரஷ் எனப்படும் சாம்பல்நிறப் புதரும் ஓயாத காற்றும்தான் உண்டு. 1842-இல் அரசின் நில ஆய்வுக் குழுவோடு வந்த ஜான் ஃபிரிமான்ட், வாஷிங்டன் நகரில் நாடாளுமன்றம் நிற்கும் குன்றின் மேல் ஏறுவதைப் போன்றதுதான் இந்த ஏற்றமும் என்று எழுதிவைத்தார். பின்னால் வந்த பலருக்கும், கண்டத்தின் நீர்ப்பிரிப்பு மேட்டைக் கடந்த கணம் தெரியவே இல்லை. சிறிது தூரம் இறங்கி, பசிபிக் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றடியில் தண்ணீர் மேற்கு நோக்கி ஓடுவதைக் கண்ட பிறகுதான், அட்லாண்டிக் கடலுக்கு நீர் வடியும் பக்கத்தை விட்டு வந்துவிட்டோம் என்பதை உணர்ந்தார்கள்.

அங்கு வாழ்ந்த மக்களுக்கு இது புதிய வழி அன்று. வெள்ளையர்களில், பசிபிக் கரையிலிருந்த அஸ்டோரியா வணிகத் தளத்திலிருந்து கிழக்கே திரும்பிக்கொண்டிருந்த ராபர்ட் ஸ்டூவர்ட்டும் அவருடைய துணைவர்களும் 1812 அக்டோபரில் இவ்வழியே வந்தார்கள்; அந்தச் செய்தி பரவவில்லை. 1824-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் ஜெடிடையா ஸ்மித்தின் குழுவினர் பீவர் தோல் தேடிக் க்ரோ பழங்குடி மக்களின் முகாமில் தங்கியிருந்தபோது, குழுவிலிருந்த ஜேம்ஸ் கிளைமன் பைசன் தோல் ஒன்றை விரித்து, அதன் மேல் மணலைப் பரப்பி, குவியல் குவியலாக மலைகளை அமைத்து, தெற்கே செல்லும் வழியை அந்த மக்களிடம் கேட்டறிந்தார். 'கண்டுபிடிப்பு' என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்வது இந்தப் பாடத்தைத்தான்.

ராக்கி மலையில் குதிரையில் கடக்கக்கூடிய கணவாய்கள் வேறும் உண்டு. ஆனால் சுமை ஏற்றிய கூண்டு வண்டியை எருதுகள் இழுத்துச் செல்ல வேண்டுமானால், நாள்தோறும் தண்ணீர் வேண்டும், வழி நெடுகப் புல் வேண்டும், வண்டி குடைசாயாத சரிவும் வேண்டும். பிளாட் ஆறு, வடக்கு பிளாட், அதன் கிளையான ஸ்வீட்வாட்டர், பிறகு சவுத் பாஸ் என்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு செல்லும் இந்த ஒரே வரிசையில்தான் இவை சேர்ந்து கிடைத்தன. 1832-இல் பான்வில் என்ற படைத் தலைவர் முதன்முதலாக வண்டிகளை இவ்வழியே கடத்தினார். 1836-இல் நார்சிசா விட்மன், எலைசா ஸ்பால்டிங் என்ற இரு பெண்கள், சமயப் பணிக்குச் சென்ற தம் கணவர்களோடு கடந்தார்கள். குடும்பங்களும் இவ்வழியே போகலாம் என்ற எண்ணம் கிழக்கில் அதன் பிறகே வேரூன்றியது. 1840-களிலிருந்து 1869-இல் ரயில் பாதை இணைக்கப்படும் வரை ஆரிகன், கலிபோர்னியா, யூட்டா மூன்றுக்கும் சென்ற மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் நடந்த பாதை இது. இந்தக் கணவாய் இல்லாதிருந்தால், பசிபிக் கரையில் அமெரிக்கக் குடியேற்றம் கப்பல் வழியை நம்பியே இருந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

மலைமுரசு எழுதியது:

தடம்தேடி அவர்களுக்கு வணக்கம். சுவையான தொடக்கம். ஆனால் ஓர் இடம் வழியாக மக்கள் போனார்கள் என்பதாலேயே அது அந்த மாநிலத்தின் வரலாறு ஆகிவிடுமா? இந்த மூன்று லட்சம் பேரில் வயோமிங்கில் தங்கியவர்கள் மிகச் சிலர். அவர்களுக்கு அது கடந்து தொலைய வேண்டிய வறண்ட நிலமாகவே இருந்தது. யெல்லோஸ்டோன், மாறாக, 1872 மார்ச் 1 அன்று அதிபர் கிராண்ட் கையெழுத்திட்ட நாளிலிருந்து, ஒரு நாடு தன் நிலத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையே மாற்றியது. டெவில்ஸ் டவரும் 1906-இல் தியோடர் ரூஸ்வெல்ட் அறிவித்த முதல் தேசிய நினைவுச்சின்னம். இவற்றை ஓரமாக ஒதுக்க இயலாது.

இன்னொன்று. சவுத் பாஸ் மென்மையான ஏற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள். கோடையில் சரி. 1856-இல் கையால் இழுக்கும் தள்ளுவண்டிகளோடு காலம் தாழ்த்திப் புறப்பட்ட வில்லி, மார்ட்டின் என்ற, மார்மன் சமயத்தவரின் இரு குழுக்கள் அக்டோபர் பனிப்புயலில் ஸ்வீட்வாட்டர் கரையிலும் கணவாய்க்குச் சற்று முன்னும் சிக்கி, ஏறத்தாழ ஆயிரம் பேரில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தக் காற்றுக்குத் தடுப்பாக அங்கே ஒரு மரமும் கிடையாது.

பாறைநேயன் எழுதியது:

இருவரும் விட்டுவிட்ட ஒரு கேள்வி இருக்கிறது. ராக்கி மலைத்தொடர் வடக்கிலும் தெற்கிலும் சுவர் போல நிற்க, சரியாக அந்த இடத்தில் மட்டும் ஏன் தாழ்ந்து கிடக்கிறது? இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கணவாயின் கதையில் பாதி இதற்குள் இருக்கிறது.

ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய லாரமைட் மலையாக்கத்தில் வயோமிங்கின் அடித்தளக் கருங்கல் துண்டு துண்டாக மேலே தள்ளப்பட்டது. விண்ட் ரிவர், பிக்ஹார்ன், லாரமி மலைகள் அப்படி எழுந்தவை. பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகள் இம்மலைகள் தேய்ந்து, அவற்றின் கழிவும், மேற்கிலிருந்த எரிமலைகள் உமிழ்ந்த சாம்பலும் இடைப்பட்ட பள்ளங்களை நிரப்பி, மலைகளின் இடுப்பளவுக்கும், சில இடங்களில் தோளளவுக்கும் ஏறிவிட்டன. அதன் பின் நிலப்பரப்பு முழுவதுமே உயர்ந்தபோது ஆறுகளுக்கு வேகம் கூடி, நிரம்பிய படிவுகளை மறுபடி அள்ளிச் செல்லத் தொடங்கின. புதைந்த மலைகள் மீண்டும் வெளிப்பட்டன. ஆனால் எல்லா இடத்திலும் இந்த வேலை முடியவில்லை.

விண்ட் ரிவர் தொடரின் தென்முனை இன்றும் அந்தப் படிவுகளுக்குள் புதைந்து மறைகிறது. சவுத் பாஸ் சமவெளியாகத் தெரிவதற்குக் காரணம், புதைந்த மலையின் மேல் பரவிய படிவின் மீது நாம் நடக்கிறோம் என்பதுதான். கிழக்கே ஸ்வீட்வாட்டர் பள்ளத்தாக்கில் நடந்தது இதைவிட விந்தையானது. அங்கே முன்பு உயர்ந்து நின்ற கிரானைட் மலைத்தொடர், பிற்காலத்தில் இருபுறப் பிளவுகளின் வழியே கீழே அமிழ்ந்தது. அமிழ்ந்த மலையைச் சாம்பலும் மணலும் மூடின. மூடியதன் மேல் ஓடிய ஆறுதான் ஸ்வீட்வாட்டர். பயணிகள் வழிகாட்டியாக வைத்திருந்த இண்டிபென்டன்ஸ் ராக், டெவில்ஸ் கேட், ஸ்பிளிட் ராக் ஆகிய மூன்றும், அமிழ்ந்து புதைந்த அந்த மலையின் உச்சிகள் மறுபடி தலைகாட்டியவை.

டெவில்ஸ் கேட்டில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். அங்கே ஆறு 300 அடிக்கு மேல் ஆழமுள்ள ஒரு கருங்கல் பிளவுக்குள் நுழைந்து வெளியேறுகிறது. மிகச் சிறிது தூரம் தெற்கே தள்ளிப் போயிருந்தால் பாறையைத் தொடாமலே சுற்றிப் போயிருக்கலாம். வண்டிகள் அப்படித்தான் போயின. ஆறு மென்மையான படிவின் மேல் தன் தடத்தை அமைத்துக்கொண்ட காலத்தில், அடியில் பாறை இருப்பதற்கு அடையாளமே இல்லை. அரித்து அரித்துக் கீழே இறங்கியபோது பாறை எதிர்ப்பட்டது. அதற்குள் தடத்தை மாற்ற முடியாத ஆழத்துக்கு ஆறு இறங்கிவிட்டது.

மாநிலத்தின் தென்கிழக்கில் இதே வகையான இன்னொரு நில அமைப்பு உண்டு. ஷையென் நகருக்கு மேற்கே, சமவெளியின் படிவு மண் லாரமி மலையின் கருங்கல் முகட்டைத் தொடும் வரை அரிபடாமல் நாக்கு போல நீண்டு நிற்கிறது. அதன் வடக்கிலும் தெற்கிலும் ஆறுகள் படிவை அள்ளிவிட்டதால் மலை சுவராகத் தெரிகிறது. இந்த ஓரிடத்தில் மட்டும், மிகக் குறுகிய பகுதியில் சில நூறு அடி அகலத்தில், சமவெளியிலிருந்து மலையுச்சிக்கு ஒரே சீரான சாய்தளம். கேங்பிளாங்க் என்று அதற்குப் பெயர். யூனியன் பசிபிக் ரயில் பாதை அதன் மேல்தான் ஏறியது. இன்றைய 80-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் அதன் மேல்தான் ஏறுகிறது. அதைக் கடப்பவர்களில் பெரும்பாலோர் அப்படி ஒன்று இருப்பதை அறியாமலே கடக்கிறார்கள்.

தடம்தேடி எழுதியது:

பாறைநேயன் ஐயா, மிக்க நன்றி. நான் வரலாற்றின் பக்கமிருந்து சொல்ல முயன்றதை நீங்கள் பாறையின் பக்கமிருந்து தெளிவாக்கிவிட்டீர்கள்.

இண்டிபென்டன்ஸ் ராக் பற்றி ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். சுற்றளவில் ஒன்றரை கி.மீ.க்கு மேலும் உயரத்தில் ஏறத்தாழ 130 அடியும் உள்ள அந்த உருண்டைக் கருங்கல்லை ஜூலை 4-க்குள் அடைந்துவிட வேண்டும் என்பது பயணிகளின் கணக்கு. தாமதித்தால் மேற்கே சியரா மலைகளில் பனி வழிமறிக்கும். அடைந்தவர்கள் தங்கள் பெயரை உளியால் செதுக்கினார்கள். நேரமில்லாதவர்கள் வண்டி மையையும் தாரையும் குழைத்து எழுதினார்கள். யேசு சபைத் துறவி டி ஸ்மெட் அதைப் பாலைவனத்தின் பெரும் பதிவேடு என்று அழைத்தார். மையால் எழுதியவற்றில் பெரும்பாலானவை மழையிலும் காற்றிலும் அழிந்துவிட்டன. செதுக்கியவற்றின் மேலும் பாறைப்பாசி படர்ந்திருக்கிறது. அருகிலிருந்த உவர் ஏரிகளின் கரையில் வெண்மையாகப் பூத்துக் கிடந்த சோடா உப்பைப் பெண்கள் சுரண்டியெடுத்து ரொட்டி மாவைப் பொங்கவைக்கப் பயன்படுத்தினார்கள். இன்னும் மேற்கே ஐஸ் ஸ்லூ என்ற சதுப்பில், புல்தரைக்கு அடியில் குளிர்காலத்துப் பனிக்கட்டி வெயிலுக்குத் தப்பிக் கிடந்ததால், ஜூலை மாதத்திலும் மண்வெட்டியால் தோண்டி எடுத்தார்கள்.

மலைமுரசு கேட்ட கேள்விக்கு வருகிறேன். வந்தவர்கள் தங்கவில்லை என்பது உண்மையே. ஆனால் அவர்கள் கடந்துபோன நிலம் வெற்று நிலமாக இருக்கவில்லையே. இதைப் பற்றி ஆவணங்களை நன்கு படித்தவர்கள் எழுதினால் நல்லது.

பொன்னி வாசகி எழுதியது:

தங்கியவர்களைப் பற்றி நான் எழுதுகிறேன்; சவுத் பாஸ் பகுதியிலேயே தங்கியவர்கள் உண்டு. 1867-இல் கணவாய்க்கு வடகிழக்கே கரிஸ்ஸா என்ற இடத்தில் தங்கம் கிடைத்ததும் சவுத் பாஸ் சிட்டி என்ற சுரங்க ஊர் முளைத்தது. அங்கே மதுக்கடை நடத்திய வில்லியம் பிரைட் என்பவர்தான், வயோமிங் பிரதேசத்தின் முதல் சட்டமன்றத்தில் பெண்களுக்கு வாக்குரிமை தரும் மசோதாவைக் கொண்டுவந்தவர். 1869 டிசம்பர் 10 அன்று ஆளுநர் ஜான் கேம்பல் அதில் கையெழுத்திட்டார். 21 வயது நிறைந்த பெண்களுக்கு வாக்களிக்கவும் பதவி வகிக்கவும் உரிமை தந்த அந்தச் சட்டம், அமெரிக்கா முழுவதற்கும் அந்த உரிமை வருவதற்கு அரை நூற்றாண்டு முந்தியது.

நோக்கங்கள் தூய்மையானவை என்று நான் சொல்ல வரவில்லை. ஆண்களே நிறைந்திருந்த பிரதேசத்துக்குப் பெண்களை ஈர்க்க வேண்டும், கிழக்கத்தியச் செய்தித்தாள்களில் பெயர் வர வேண்டும், குடியரசுக் கட்சி ஆளுநரைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்த வேண்டும் என்ற கணக்குகள் எல்லாம் ஜனநாயகக் கட்சியினர் மட்டுமே இருந்த அந்த மன்றத்தில் உலவின. கறுப்பின ஆண்களுக்கு வாக்கு உண்டென்றால் என் மனைவிக்கு ஏன் இல்லை என்ற, இன்று கேட்டால் முகம் சுளிக்க வைக்கும் வாதமும் பிரைட்டிடம் இருந்தது. ஆனால் சட்டம் வந்த பிறகு அதைப் பெண்கள் எடுத்துக்கொண்ட விதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1870 பிப்ரவரியில் அதே சவுத் பாஸ் சிட்டியில் எஸ்தர் ஹோபர்ட் மாரிஸ் நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அமெரிக்காவில் அத்தகைய பதவியில் அமர்ந்த முதல் பெண் அவர். அதே ஆண்டு மார்ச்சில் லாரமி நகரில் பெண்கள் ஜூரிகளாக அமர்ந்தார்கள். செப்டம்பர் 6 அன்று அங்கேயே லூயிசா ஸ்வெயின் என்ற முதிய பெண்மணி வாக்களித்தார். 1871-இல் சட்டமன்றம் இந்த உரிமையை நீக்க முயன்றது. கேம்பல் தன் மறுப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தித் தடுத்தார். மறுப்பை முறியடிக்கும் முயற்சி மேலவையில் ஒரே வாக்கில் தோற்றது. 1890 ஜூலை 10 அன்று வயோமிங் 44-ஆவது மாநிலமாகச் சேர்ந்தபோது, பெண்களின் வாக்குரிமையோடே சேர்ந்தது.

ஆகவே மலைமுரசு அவர்களே, உலகம் திரும்பிப் பார்த்த செயல் யெல்லோஸ்டோனில் மட்டும் நடக்கவில்லை.

ஆவணப்பித்தன் எழுதியது:

பொன்னி வாசகி எழுதியதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊர் நின்ற மண் யாருடையது என்பதை அதன் அருகிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். 1868 ஜூலை 3 அன்று ஃபோர்ட் பிரிட்ஜரில் ஷோஷோனி பழங்குடி மக்களோடு அமெரிக்க அரசு செய்த ஒப்பந்தத்தில், விண்ட் ரிவர் பகுதியில் அவர்களுக்கு ஒதுக்கிய நிலத்தின் எல்லைக்குள்தான் ஸ்வீட்வாட்டர் தங்கச் சுரங்கப் பகுதியும் இருந்தது. அதாவது, பிரைட் வாழ்ந்த ஊர், மாரிஸ் நீதி வழங்கிய ஊர், வெள்ளையர் குடியேறக் கூடாது என்று அரசே எழுதிக் கொடுத்திருந்த நிலத்தில் நின்றது. சுரங்கக்காரர்களை வெளியேற்ற அரசு முயலவில்லை. மாறாக, 1872-இல் பெலிக்ஸ் புரூனோ என்ற தூதரை அனுப்பி, ஒதுக்கு நிலத்தின் தென்பகுதியை 25,000 டாலர் விலைக்கு வாங்கிக்கொண்டது. அந்தத் தொகையும் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் மதிப்புள்ள மாடுகளாகத் தரப்பட்டது. ஷோஷோனிப் பெண்களுக்கு வயோமிங்கின் புகழ்பெற்ற வாக்குரிமை கிடைக்கவில்லை. பழங்குடியினர் அனைவரும் குடிமக்களாக ஏற்கப்பட்டது 1924-இல்தான்.

பாதையின் கிழக்குப் பகுதியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1834-இல் தோல் வணிகத் தளமாகக் கட்டப்பட்டு, 1849-இல் படை விலைக்கு வாங்கிய ஃபோர்ட் லாரமியை வைத்துத்தான் இந்தக் கதையைப் பின்தொடர முடியும். கோடைதோறும் வந்த வண்டிகளின் எருதுகளும் குதிரைகளும் வடக்கு பிளாட் கரையின் புல்லை மேய்ந்து தீர்த்தன. கரையோர மரங்கள் விறகாயின. பைசன் மந்தைகள் பாதையை விட்டு விலகிப் போயின. 1849-இல் வண்டிகளோடு வந்த காலரா, தெற்கே வாழ்ந்த ஷையென் மக்களில் பெரும் பகுதியினரை அழித்தது. 1851 செப்டம்பரில் ஏறத்தாழ 10,000 பழங்குடியினர் ஹார்ஸ் க்ரீக் அருகே கூடினார்கள். பாதையை அனுமதிக்க ஆண்டுக்கு 50,000 டாலர் வீதம் 50 ஆண்டுகளுக்குப் பொருள்கள் தருவதாக உடன்பாடு. செனட் அதைப் படித்துவிட்டு 50 ஆண்டுகளை 10 ஆண்டுகளாகக் குறைத்தது.

மூன்று ஆண்டுகளில் அமைதி குலைந்தது. 1854 ஆகஸ்டில் மார்மன் பயணி ஒருவரின் மாடு வழிதவறி லகோட்டா முகாமுக்குள் புகுந்தது. பொருள்கள் வந்து சேராமல் பசித்திருந்தவர்கள் அதை அறுத்து உண்டார்கள். தலைவர் கான்கரிங் பேர் ஈடாகத் தம் கால்நடையைத் தர முன்வந்தார். அனுபவமற்ற லெப்டினன்ட் கிராட்டன் 29 வீரர்களோடும் பீரங்கிகளோடும் சென்று ஆளைக் கைது செய்தே தீருவேன் என்று நின்றார். தலைவர் சுடப்பட்டார், கிராட்டனும் அவருடன் சென்ற படையும் அழிந்தார்கள். வடசமவெளியில் அதன் பின் வந்த நீண்ட போருக்கு இதுதான் முதல் மோதல்.

1863-இல் ஜான் போஸ்மன் மொன்டானா தங்கத்துக்குக் குறுக்கு வழியொன்றைப் பவுடர் ஆற்று வேட்டை நிலத்தின் நடுவே திறந்தார். அதைக் காக்கக் கோட்டைகள் எழுந்தன. ரெட் கிளவுட் தலைமையில் லகோட்டா, ஷையென், அரபாஹோ மக்கள் எதிர்த்துப் போரிட்டார்கள். 1866 டிசம்பர் 21 அன்று படை அதிகாரி ஃபெட்டர்மன் தலைமையில் கோட்டையை விட்டு வெளிவந்த 81 பேரும் மாண்டார்கள். 1868-ஆம் ஆண்டு ஃபோர்ட் லாரமி ஒப்பந்தத்தில் அரசு இறங்கிவந்து கோட்டைகளைக் கைவிட்டது. வீரர்கள் அகன்றதும் அவை எரிக்கப்பட்டன. சமவெளிப் போர்களில் பழங்குடியினர் தாங்கள் கேட்டதை எழுத்தில் பெற்ற அரிய தருணம் அது. பத்தாண்டுகள்கூட நிலைக்கவில்லை.

மலைமுரசு எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு ஆவணப்பித்தன் அவர்களுக்கு நன்றி. என் வாதத்தை நான் விட்டுவிடவில்லை. ஆனால் அதை இன்னும் கூர்மையாக வைக்கிறேன்.

யெல்லோஸ்டோனும் இதே வரலாற்றின் ஒரு பகுதிதான். 1807-08 குளிர்காலத்தில் தோல் வேட்டைக்காரர் ஜான் கோல்டர் தனியாக அந்தப் பக்கம் நடந்த காலத்திலிருந்து ஜிம் பிரிட்ஜர் சொன்ன கதைகள் வரை, கிழக்கில் யாரும் நம்பவில்லை. 1870-இல் வாஷ்பர்ன் குழு சென்று, ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற பெயரையும் வைத்துவிட்டு வந்தது. 1871-இல் பெர்டினாண்ட் ஹேடனின் அரசு ஆய்வுக் குழுவோடு சென்ற வில்லியம் ஹென்றி ஜாக்சனின் நிழற்படங்களும் தாமஸ் மோரனின் வண்ண ஓவியங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கண்முன் வைக்கப்பட்டபோது, நம்பாதவர்களும் நம்பினார்கள். ஒரு நிலத்தின் தலைவிதியை ஓவியமும் நிழற்படமும் மாற்றியதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏறத்தாழ 370 அடி விட்டமுள்ள அந்தக் குளத்தின் நடுவில் நீர் கொதிநிலையை நெருங்குவதால் வண்ண நுண்ணுயிர்ப் படிவுகள் வளர்வதில்லை, அங்கே ஆழ்நீலம். ஓரத்தை நோக்கி நீர் ஆற ஆற, அந்தந்தச் சூட்டைத் தாங்கும் நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காகப் படிந்து மஞ்சள், ஆரஞ்சு, செம்பழுப்பு வளையங்களாகின்றன. இதே பூங்காவின் வெந்நீரில் 1960-களில் தாமஸ் பிராக் கண்டெடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற நுண்ணுயிரின் நொதிதான், மரபணுவைப் பன்மடங்காக்கும் பிசிஆர் முறையை எளிதாக்கியது. கோவிட் காலத்தில் நாம் எல்லோரும் அந்தச் சோதனையின் பெயரை அறிந்தோம். இதையும் ஓரமாகவா வைப்பது?

தடம்தேடி எழுதியது:

மலைமுரசு அவர்களே, அந்த ஊற்றின் முக்கியத்துவத்தை யாரும் குறைக்க இயலாது. ஆனால் நாடாளுமன்றம் 1872-இல் ஏன் இவ்வளவு எளிதாக 20 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை ஒதுக்க இசைந்தது? ஏறத்தாழ 8,000 அடி உயரம், கோடையிலும் உறைபனி, எரிமலைப் பாறை. உழவுக்கும் சுரங்கத்துக்கும் உதவாது என்று ஹேடனே உறுதியளித்தார். வண்டிப் பாதைகள் எல்லாம் தெற்கே விலகிச் சென்றன. தன் தடத்தை மொன்டானா வழியாக அமைக்கவிருந்த நார்தர்ன் பசிபிக் ரயில் நிறுவனத்துக்கு மட்டும் அங்கே வருங்காலப் பயணிகள் தெரிந்தார்கள். அதன் நிதியாளர் ஜே குக் இந்தத் திட்டத்தை ஆதரித்தார். குடியேறியவர்களின் வழியில் குறுக்கே நிற்காததால்தான் யெல்லோஸ்டோன் தப்பியது என்று நான் சொல்வேன்.

குடியேறியவர்களின் வழி என்று வேண்டுமென்றே எழுதினேன். அங்கே ஆண்டு முழுவதும் வாழ்ந்த டுகுடிகா எனப்படும் மலை ஷோஷோனிகள், பெருங்கொம்பு ஆடுகளை வேட்டையாடி, அவற்றின் கொம்பை வெந்நீரில் இளக்கி வில் செய்தவர்கள். அங்குள்ள ஆப்சிடியன் பாறையிலிருந்து உடைத்தெடுத்த எரிமலைக் கண்ணாடி, ஒஹாயோவின் தொல்பழம் மேடுகள் வரை சென்றிருக்கிறது. பழங்குடியினர் வெந்நீர் ஊற்றுக்கு அஞ்சி அப்பக்கம் வரவே மாட்டார்கள் என்ற கதையைப் பூங்காவின் தொடக்கக்கால நிர்வாகிகள் பயணிகளுக்காகப் பரப்பினார்கள்.

பாறைநேயன் ஐயா சொன்ன கேங்பிளாங்கின் தொடர்ச்சியையும் குறித்துவைக்க விரும்புகிறேன். ரயில் 1867 நவம்பரில் ஷையெனை எட்டியது. அடுத்த ஆண்டு 8,247 அடி உயரமுள்ள ஷெர்மன் முகட்டைக் கடந்தது. அதன் பிறகு சவுத் பாஸுக்குப் போகாமல், மழைநீர் எந்தக் கடலுக்கும் போகாமல் வற்றிவிடும் கிரேட் டிவைடு பள்ளத்தின் வழியே நேராக மேற்கே சென்றது. நீராவி இயந்திரத்துக்குப் புல் வேண்டியதில்லை, நிலக்கரி வேண்டும், அது அந்தத் தடத்திலேயே, ராக் ஸ்பிரிங்ஸில், கிடைத்தது. 1875-இல் வேலைநிறுத்தத்தை முறியடிக்க நிறுவனம் சீனத் தொழிலாளர்களைக் குறைந்த கூலிக்குக் கொண்டுவந்தது. 1885 செப்டம்பர் 2 அன்று வெள்ளைச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆயுதங்களோடு சீனர் குடியிருப்பைத் தாக்கி, குறைந்தது 28 பேரைக் கொன்று, ஏறத்தாழ 80 வீடுகளைக் கொளுத்தினார்கள். ஓடித் தப்பியவர்களை சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்புவதாகச் சொல்லி ரயிலில் ஏற்றி, படைக் காவலோடு அதே ராக் ஸ்பிரிங்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒருவர் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. இந்தப் பெயர்களையும் நாளையும், டீட்டன் சிகரங்களின் உயரத்தை மனப்பாடமாகச் சொல்லும் பயண நூல்கள் ஏன் விட்டுவிடுகின்றன என்பதுதான் என் வருத்தம்.

பொன்னி வாசகி எழுதியது:

ஓர் ஐயம். 1868 ஒப்பந்தங்களுக்கு இன்று சட்டத்தில் ஏதேனும் மதிப்பு உண்டா, அல்லது அவை வெறும் காகிதங்களாகிவிட்டனவா? ஆவணப்பித்தன் அவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

ஆவணப்பித்தன் எழுதியது:

மதிப்பு உண்டு, அம்மா. இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன்.

முதலாவது ஷோஷோனி மக்களுடையது. அவர்களுக்குப் பகையாக இருந்த வட அரபாஹோ மக்களை 1878-இல் படையின் துணையோடு அரசு விண்ட் ரிவர் ஒதுக்கு நிலத்தில் கொண்டுவந்து இறக்கியது. தற்காலிகம் என்று ஷோஷோனித் தலைவர் வாஷகியிடம் சொல்லப்பட்டது. அவர் 1900-இல் மறையும் வரை எதிர்ப்பைப் பதிவுசெய்தபடியே இருந்தார். 1938-இல் உச்ச நீதிமன்றம், நிலம் மட்டுமல்லாமல் அதிலுள்ள மரமும் கனிமமும்கூட ஷோஷோனிகளுடையவை என்று தீர்ப்பளித்து, சுமார் 44 லட்சம் டாலர் இழப்பீட்டை உறுதிசெய்தது. இரு மக்களும் இன்றும் அதே நிலத்தில் அருகருகே வாழ்கிறார்கள்.

இரண்டாவது, வேட்டையுரிமை. ஷோஷோனி, பன்னாக், க்ரோ மக்களின் 1868 ஒப்பந்தங்களில், குடியேற்றம் நடக்காத அரசு நிலங்களில் வேட்டையாடும் உரிமை எழுதப்பட்டிருந்தது. யெல்லோஸ்டோனுக்குத் தெற்கே வேட்டையாடிய பன்னாக் மக்கள் மீது வயோமிங் வழக்குத் தொடுத்தபோது, 1896-இல் உச்ச நீதிமன்றம், வயோமிங் மாநிலமானவுடனே அந்த உரிமை முடிந்துவிட்டது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு நூறாண்டுகளுக்கு மேல் நின்றது. 2014-இல் க்ரோ இனத்தவர் ஒருவர் பிக்ஹார்ன் தேசியக் காட்டில் எல்க் மானைச் சுட்டதற்காக வயோமிங் அவர்மீது வழக்குத் தொடுத்தது. ஹெரேரா வழக்கு என்று அறியப்படும் அதில், 2019 மே மாதம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பைக் கைவிட்டு, மாநிலமானதால் ஒப்பந்த உரிமை அழியவில்லை என்றும், தேசியக் காடு என்று அறிவித்ததாலேயே அந்த நிலம் குடியேற்றம் நடந்த நிலமாகிவிடாது என்றும் கூறியது. காட்டின் குறிப்பிட்ட ஒரு பகுதி குடியேற்றம் நடந்ததாகக் கருதப்படலாமா, வனவளப் பாதுகாப்புக்காக மாநிலம் கட்டுப்பாடு விதிக்கலாமா என்ற இரண்டையும் கீழ்நீதிமன்றத்தின் ஆய்வுக்கு அது விட்டுவைத்தது. தீர்ப்பின் முழு உரையும் பொதுவில் கிடைக்கிறது. க்ரோ மக்களின் 1868 ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவோடு சேர்த்துப் படிப்பது நல்லது.